பதறாமல் பேசுங்கள்... மறுமுனையில் ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள்!

ஐப்பசி அடைமழை. கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இரவு இரண்டு மணி இருக்கும். மாமியாரின் அறையில் டம்ளர் உருளும் சத்தம் கேட்டு ஓடிப் போனேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். டார்ச் வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. இடது கை துணி மாதிரி தொங்கியது. ஏதோ சொல்ல வருகிறார், வார்த்தை குழறுகிறது.

இவர் வேலை விஷயமாகத் திருச்சி போயிருந்தார். வீட்டில் நானும், ப்ளஸ் டூ படிக்கும் பெண்ணும்தான். கை நடுங்க 108-ஐ அழுத்தினேன். உடனே ஒரு பெண் குரல் வந்தது.

"சொல்லுங்கம்மா, என்ன அவசரம்? எந்த இடத்திலேர்ந்து பேசறீங்க?"

"சீக்கிரம் வாங்கம்மா! மாமியாருக்கு என்னமோ ஆயிடுச்சு. கோவில்பத்து, கோயில் பக்கத்துல!"

"எந்தக் கோவில்பத்தும்மா? எந்த மாவட்டம்?"

"கோவில்பத்துன்னா கோவில்பத்துதான்! கேள்வி கேட்டுக்கிட்டே இருக்காதீங்க. வண்டியை அனுப்புங்க!"

போனை வைத்துவிட்டேன். வைத்தது மட்டுமா? அடுத்து இவருக்குப் போட்டேன். பிறகு நாத்தனாருக்கு, பிறகு ஓரகத்திக்கு. அழுது அழுது எல்லாரிடமும் பேசினேன். வண்டி வரும் வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. கடைசியில் சத்தம் கேட்டு எழுந்து வந்த பக்கத்து வீட்டுப் பையன்தான் மறுபடி போன் போட்டு, ஊர், வீதி, அடையாளம் எல்லாம் நிதானமாகச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் வண்டி வந்துவிட்டது. முதல் போனுக்கும் இரண்டாவது போனுக்கும் நடுவே இருபத்திரண்டு நிமிஷம் ஓடியிருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் செல்போனை எடுத்துப் பார்க்கிறேன், நான் மற்றவர்களிடம் அழுதுகொண்டிருந்த நேரத்தில் அந்த மையத்திலிருந்து இரண்டு முறை திருப்பி அழைத்திருக்கிறார்கள். என் போன்தான் பேச்சிலேயே இருந்திருக்கிறது!

மாமியார் பிழைத்துக்கொண்டார். ஊன்றுகோலோடு நடக்கிறார். இடது கை விரல்கள் மட்டும் இன்னும் முழுசாக மடங்கவில்லை. பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம் என்று டாக்டர் சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொண்டேன்.

பேத்தி சொன்ன கதை

பொங்கலுக்கு நாத்தனார் மகள் வந்திருந்தாள். என் மாமியாருக்குப் பேத்தி. அவள் செய்யும் வேலை என்ன தெரியுமா? இதே மாதிரி ஓர் அவசர அழைப்பு மையத்தில் போன் எடுக்கும் வேலை! எந்த ஊர், எந்த மையம் என்று எழுதக் கூடாது, வந்த அழைப்புகளைப் பற்றி ஒன்றும் எழுதக் கூடாது என்று முதலிலேயே கண்டிஷன் போட்டுவிட்டாள். வேலை எப்படி நடக்கிறது என்பதை மட்டும் சொன்னாள். அதையே இங்கே எழுதுகிறேன்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த அந்த இருபத்திரண்டு நிமிஷத்தை அவளிடம் சொன்னேன்.

"அத்தை, நீங்க போனை வெச்சதும் அந்தப் பொண்ணு உங்க மேல கோபப்பட்டிருக்க மாட்டா. உடனே திருப்பி அடிச்சிருப்பா. கிடைக்கலேன்னா மறுபடி அடிச்சிருப்பா. அதுக்குள்ள அடுத்த போன் வந்திருக்கும். அதுல பேசிக்கிட்டே, மனசு மட்டும் 'எந்தக் கோவில்பத்து'ன்னு நின்னிருக்கும்" என்றாள்.

"அவ்வளவு கேள்வி எதுக்குடி? வண்டியை அனுப்பிட்டுக் கேட்கக் கூடாதா?"

அவள் சிரித்தாள். "அப்படித்தான் அத்தை நடக்குது!"

இரண்டு நாற்காலிகள்

பெரும்பாலான மையங்களில் இரண்டு விதமான ஆட்கள் உட்கார்ந்திருப்பார்களாம். ஒருவர் காதில் ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு நம்மிடம் பேசுபவர். கேட்கக் கேட்கக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே போவார். அவர் தட்டுவது இன்னொரு நாற்காலியில் இருப்பவரின் திரையில் தெரியும். அவர்தான் வண்டியை அனுப்புபவர். எந்த வண்டி காலியாக இருக்கிறது, எது பக்கத்தில் நிற்கிறது என்று பார்த்து அதற்குத் தகவல் கொடுப்பார்.

ஆக, இடம் தெரிந்த உடனேயே வண்டிக்குத் தகவல் போய்விடும். அதற்கப்புறம் கேட்கும் கேள்விகள் எல்லாம், வழியில் வந்துகொண்டிருக்கும் வண்டிக்காரர்களுக்காக! நோயாளிக்கு நினைவு இருக்கிறதா, மூச்சு விடுகிறாரா, எத்தனை பேருக்கு அடி, தீ எந்தப் பக்கம், அடிக்கிறவன் கையில் ஆயுதம் இருக்கிறதா - இதெல்லாம் தெரிந்தால்தான் வருகிறவர்கள் தயாராக வர முடியும். நாம் பதில் சொல்வதால் வண்டி தாமதமாவதில்லை. நாம் போனை வைப்பதால்தான் தாமதமாகிறது.

இந்த ஒரு விஷயம் எனக்கு முன்பே தெரிந்திருந்தால்!

ஐந்து பெண்கள் இறந்த பிறகு வந்த எண்

அவசரத்துக்கென்று தனி எண் வந்த கதையும் பெண்களோடு சம்பந்தப்பட்டதுதான். 1935 நவம்பரில் லண்டனில் விம்போல் தெருவில் ஒரு டாக்டர் வீட்டில் தீப்பிடித்தது. எதிர்வீட்டுக்காரர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார். அந்தக் காலத்தில் எல்லா அழைப்பும் எக்ஸ்சேஞ்ச் வழியாகத்தான் போக வேண்டும். மற்ற அழைப்புகளோடு வரிசையில் இவரும் காத்திருந்தார். அந்தத் தீயில் ஐந்து பெண்கள் இறந்துபோனார்கள். அவர் மனம் நொந்து பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அரசாங்கம் விசாரித்தது. 1937 ஜூன் 30-ஆம் தேதி லண்டனில் 999 என்ற எண் வந்தது. உலகிலேயே முதல் அவசர எண் என்று சொல்கிறார்கள்.

அந்த எண்ணில் அழைப்பு வந்தால் எக்ஸ்சேஞ்சில் சிவப்பு விளக்கு எரியும், ஊதல் அலறும். சத்தம் தாங்காமல் அங்கிருந்த பெண்கள் ஊதலின் வாயில் டென்னிஸ் பந்தைச் செருகி வைத்தார்களாம்! முதல் வாரத்திலேயே ஆயிரத்துக்கு மேல் அழைப்புகள் வந்தன. அதில் விளையாட்டுக்குப் போன் செய்தவர்களும் இருந்தார்கள். மனிதர்கள் அன்றும் இன்றும் ஒரே மாதிரிதான்.

அமெரிக்காவில் 911 என்ற எண்ணில் முதல் அழைப்பு 1968 பிப்ரவரி 16-ஆம் தேதி, அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்ற சின்ன ஊரில் பேசப்பட்டது.

நம் நாட்டில் போலீசுக்கு 100, தீயணைப்புக்கு 101 என்பது பாட்டி காலத்திலிருந்து தெரிந்தது. 108 ஆம்புலன்ஸ் 2005 ஆகஸ்ட் 15-ஆம் தேதி ஹைதராபாத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பர் 15-ஆம் தேதி வந்தது. 2012 டிசம்பரில் டெல்லியில் ஒரு பெண்ணுக்கு ஓடும் பஸ்சில் நடந்த கொடுமையை யார் மறக்க முடியும்? அதற்குப் பிறகுதான் நாடு முழுவதற்கும் ஒரே எண் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. அதுதான் 112. இமாசலப் பிரதேசத்தில் 2018 நவம்பரில் தொடங்கி, 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு, புதுச்சேரி உட்பட இன்னும் பல இடங்களுக்கு வந்தது. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எதுவானாலும் 112-ஐ அழைக்கலாம். பழைய எண்களும் இருக்கின்றன.

எங்கள் ஊர்ச் சிக்கல்

காரைக்கால் புதுச்சேரி மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனால் புதுச்சேரி நகரம் இங்கிருந்து சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எங்களுக்கு ஒரு பக்கம் கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. வாஞ்சூர் தாண்டினால் நாகூர். பூவம் தாண்டினால் தரங்கம்பாடிப் பக்கம். நாமோ காய்கறி வாங்க, கல்யாணத்துக்குப் போக என்று தினமும் எல்லையைத் தாண்டுகிறோம். தாண்டுகிறோம் என்ற நினைப்பே வருவதில்லை.

செல்போனும் அப்படித்தான். எந்தக் கோபுரம் பக்கத்தில் இருக்கிறதோ, எதில் சிக்னல் கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். நாம் நிற்கும் இடம் மையத்தின் திரையில் தெரிந்தாலும் சில சமயம் உத்தேசமாகத்தான் தெரியும், வீட்டு வாசல் வரைக்கும் காட்டாது என்றாள் பேத்தி. அதனால்தான் வாயால் சொல்வது அவ்வளவு முக்கியம்.

பெயர்களைப் பாருங்கள். கோவில்பத்து காரைக்காலிலும் உண்டு, நாகை மாவட்டத்திலும் உண்டு. எங்களுக்கு வெறும் 'பட்டினம்' என்றால் திருமலைராயன்பட்டினம். வெளியூரில் உட்கார்ந்து கேட்கிற பெண்ணுக்கு அது நாகப்பட்டினம் ஆகிவிடலாம். காரைக்கால்மேடு என்பதை அவசரத்தில் 'காரைக்கால்' என்று பாதி மட்டும் சொன்னால், கடற்கரைக் கிராமத்துக்குப் போக வேண்டிய வண்டி டவுனுக்குள் சுற்றும். ஆகவே எங்கள் ஊர்ச் சகோதரிகள் முதலில் சொல்ல வேண்டியது, "புதுச்சேரி மாநிலம், காரைக்கால் மாவட்டம்" என்பதுதான். நீங்கள் எந்த ஊராக இருந்தாலும் மாவட்டத்தின் பெயரை முதலில் சொல்லிப் பழகுங்கள்.

கடல் பக்கத்துப் பெண்களுக்கு இன்னொரு எண்ணும் தெரிந்திருக்க வேண்டும். படகு திரும்பவில்லை, நடுக்கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல் படையின் 1554. படகில் இருப்பவர்கள் வி.எச்.எப். கருவியில் 16-ஆம் அலைவரிசையில் கூப்பிடலாம். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமியில் எங்கள் கடற்கரைக் கிராமங்கள் இழந்ததை எழுத எனக்குத் தெம்பில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வந்த ராத்திரியில் எங்கள் வீட்டிலும் யாரும் தூங்கவில்லை. புயல், வெள்ள காலத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன சொல்ல வேண்டும்?

பேத்தி எனக்கு ஒரு பாடமே நடத்திவிட்டாள். வரிசை இதுதான்:

1. முதலில் இடம். மாவட்டம், ஊர், வீதி, வீட்டு எண், பக்கத்தில் உள்ள அடையாளம். 'கோயில் பக்கத்தில்' என்றால் நம் நாட்டில் எந்த வீடுதான் கோயில் பக்கத்தில் இல்லை? எந்தக் கோயில், அதற்குக் கிழக்கா மேற்கா என்று சொல்லுங்கள். பாதியில் போன் அறுந்தாலும் இடம் தெரிந்திருந்தால் யாராவது வந்து சேருவார்கள்.

2. அடுத்து என்ன நடந்தது. ஒரே வாக்கியம் போதும். "மாமியாருக்கு வாய் கோணி, கை விழுந்துவிட்டது." "குழந்தை மேல் கொதிக்கிற தண்ணீர் கொட்டிவிட்டது." எப்போது நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

3. அதன் பிறகு கேட்பதற்கு மட்டும் பதில். அவர்கள் 'வைக்கலாம்' என்று சொல்லும்வரை வைக்காதீர்கள்.

4. வைத்த பிறகு அந்தப் போனைச் சும்மா விடுங்கள். திருப்பி அழைப்பார்கள். சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேறு போனை உபயோகியுங்கள். (இது என் தலையில் நானே குட்டிக்கொண்டு எழுதுகிற வரி.)

5. ஒருவரை வீதி முனைக்கு டார்ச்சோடு அனுப்புங்கள். வாசல் விளக்கைப் போடுங்கள். நாயைக் கட்டுங்கள். கேட்டைத் திறந்து வையுங்கள்.

வண்டி வரும்வரை...

108 மையத்தில் யோசனை சொல்ல டாக்டர்களும் உண்டு. வண்டி வருவதற்குள் என்ன செய்யலாம் என்று போனிலேயே கேளுங்கள். முக்கியமாக, எதைச் செய்யக் கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பக்கவாதம்: முகம் கோணல், கை பலமின்மை, பேச்சுக் குழறல் - மூன்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் உடனே போன் செய்யுங்கள். நான் சுக்குக் கஷாயம் வைக்க அடுப்படிக்கு ஓடினேன். அது தப்பு. விழுங்க முடியாதவருக்கு எதை ஊற்றினாலும் மூச்சுக் குழாயில் இறங்கிவிடலாம். மாத்திரையும் வேண்டாம். ரத்தம் உறைந்ததால் வந்த பக்கவாதமானால், ஸ்கேன் பார்த்து உறைவைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான் கெடு. அதற்குள் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஆகவே, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதை நினைவு வைத்துச் சொல்லுங்கள்.

சுட்ட புண்: குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். பற்பசை, மாவு, இங்க் எதுவும் தடவக் கூடாது. ஐஸ் வைக்கக் கூடாது.

வலிப்பு: கையில் சாவிக்கொத்து கொடுப்பது, வாயில் கரண்டி வைப்பது எல்லாம் வேண்டாம். பக்கத்தில் இடிக்கிற சாமான்களை நகர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

பாம்புக்கடி: வயல் சூழ்ந்த ஊர் நம்முடையது. கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்டவரை அசையவிடாமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

மண்ணெண்ணெய் குடித்துவிட்ட குழந்தை: வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குப் போனால் ஆபத்து அதிகம்.

கைக்குழந்தைக்குத் தொண்டையில் ஏதாவது அடைத்து, அழக்கூட முடியாமல் திணறினால்: தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தட்டு. வெளியே வராவிட்டால் மல்லாத்தி மார்பின் நடுவில் ஐந்து அழுத்து. மாறி மாறிச் செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி விரலை விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும்.

சாலை விபத்தைப் பார்த்தால், "நமக்கேன் வம்பு, போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும்" என்று ஒதுங்க வேண்டாம். உதவி செய்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உறுதி செய்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். பெயர் சொல்ல வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை.

பேச முடியாத போன்

"எல்லாத்தையும்விடக் கஷ்டம் எது தெரியுமா அத்தை? பேசாத போன்தான்" என்றாள்.

பாதி நேரம் அது குழந்தை கையில் கிடைத்த போனாக இருக்குமாம். ஆனால் சில சமயம் மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். தூரத்தில் ஆண் குரல், பாத்திரம் விழும் ஓசை. பேசினால் அடி விழும் என்று பயந்து நிற்கிற ஒருத்தி. அப்போது போன் எடுப்பவள், "ஆமாம், இல்லைன்னு மட்டும் சொல்லுங்க போதும்" என்பாளாம். தங்கையோடு பேசுகிற மாதிரி பேசியே விஷயத்தைச் சொல்லிவிடுகிற கெட்டிக்காரப் பெண்களும் உண்டாம்.

வீட்டுக்குள் அடிபடும் சகோதரிகளுக்கு 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. குழந்தைகளுக்கு 1098. சாதாரண பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால், ஸ்மார்ட் போனில் பவர் பட்டனை மூன்று முறை சட்டென்று அழுத்தினால் அவசர அழைப்பு போகும்படி 2016-இல் விதி செய்தார்கள். போனுக்குப் போன் வித்தியாசம் உண்டு. உங்கள் போனில் எப்படி என்று வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டு இன்றே தெரிந்துகொள்ளுங்கள். போன் பூட்டியிருந்தாலும் 'அவசர அழைப்பு' என்ற இடத்தைத் தொட்டுப் பேசலாம்.

இன்னொன்று. சாப்பிட மறுக்கும் குழந்தையிடம், "போலீஸ்காரர் பிடிச்சுக்கிட்டுப் போயிடுவார்" என்று மிரட்டுகிறோமே, அதை நிறுத்துவோம். சனிப்பெயர்ச்சி சமயத்தில் திருநள்ளாற்றில் எவ்வளவு கூட்டம் வரும் என்பது தெரியும். அந்த நெரிசலில் கை நழுவிய குழந்தை, எங்கள் ஊர்ப் போலீசின் சிவப்புத் தொப்பியைப் பார்த்தால் அதை நோக்கி ஓட வேண்டும். பயந்து எதிர்ப்பக்கம் ஓடினால் என்ன ஆகும்? கூட்டத்துக்குப் போகும்போது குழந்தையின் சட்டைப் பையில் உங்கள் போன் எண்ணை எழுதி வையுங்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு 'அம்மா' என்று மட்டும்தானே தெரியும், அம்மாவின் பெயர் தெரியாதே! பெயரும் ஊரும் சொல்லக் கற்றுக்கொடுங்கள்.

முடிவு தெரியாத கதைகள்

"ஒரு நாளைக்கு எத்தனை அழுகையைக் கேட்கறே! வீட்டுக்கு வந்தா தூக்கம் வருமா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அழுகையைக் கேட்டா பழகிடும் அத்தை. முடிவு தெரியாததுதான் பழகாது. வண்டி போய்ச் சேர்ந்ததும் நம்ம வேலை முடிஞ்சுடும். அந்தக் குழந்தை பொழைச்சுதா, அந்த அம்மா எழுந்தாங்களான்னு நமக்கு யாரும் சொல்ல மாட்டாங்க. அதுக்குள்ள அடுத்த போன்."

அதோடு, விளையாட்டுக்குப் போன் செய்பவர்கள், குடித்துவிட்டு அசிங்கமாகப் பேசுபவர்கள் வேறு. அவர்களிடமும் மரியாதையாகத்தான் பேச வேண்டும். ஏனென்றால் அசிங்கமாகப் பேசுகிறவனுக்கும் நிஜமாகவே நெஞ்சு வலி வரலாமே! உங்கள் வீட்டுப் பிள்ளைகள் விடுமுறையில் போனை வைத்துக்கொண்டு விளையாடினால் இதைச் சொல்லிக் கண்டியுங்கள். நீங்கள் பிடித்து வைத்திருக்கும் அந்த ஒரு நிமிஷம் வேறு யாரோ ஒரு தாயின் நிமிஷம்.

இந்த வேலையால் அவளுக்கு வீட்டிலும் நிம்மதியில்லை. தை பிறந்ததும் ஒரு வரன் வந்தது. நல்ல இடம். பையனின் அம்மா, "நைட் டியூட்டியை மட்டும் விட்டுடட்டும்" என்றார்களாம். இவள், "ராத்திரியிலதானே அத்தை நிறையப் பேருக்கு ஒண்ணு ஆகுது? எல்லாரும் பகல்லயே வேலை பார்த்தா ராத்திரி போனை யார் எடுக்கிறது?" என்று என்னிடம் கேட்கிறாள். நாத்தனாருக்கு ஒரே கவலை.

என் மாமியாரும் முன்பெல்லாம் பேத்தியைத் திட்டியவர்தான். "பொம்பளைப் புள்ள விடிய விடிய போன் பேசறதெல்லாம் ஒரு வேலையா?" என்பார். இந்தப் பொங்கலுக்கு அந்தப் பேச்சே வரவில்லை. நாத்தனார் வரனைப் பற்றிப் புலம்பியபோது, கட்டிலில் சாய்ந்திருந்தவர் குழறலான பேச்சில் மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கு உன் அண்ணி போட்டப்ப போனை எடுத்தவளும் ஒருத்தி வீட்டுப் புள்ளதானே. இருக்கட்டும் விடு."

என் பேரைக் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. அந்த இருபத்திரண்டு நிமிஷத்தைப் பற்றி இதுவரை அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பிள்ளை வீட்டிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. வரட்டும், பார்க்கலாம்.

பேத்தி ஊருக்குப் போகுமுன் ஒரு வேலை செய்தாள். என் பெண்ணின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, கொட்டை எழுத்தில் எழுதி, போன் வைக்கிற அலமாரிக்கு மேலே ஒட்டிவிட்டாள். புதுச்சேரி மாநிலம், காரைக்கால் மாவட்டம், கோவில்பத்து, வீதி, கதவு எண், எந்தக் கோயிலுக்கு எந்தப் பக்கம், பக்கத்து வீட்டுக்காரர் எண், மாமியார் சாப்பிடும் மருந்துகளின் பெயர். கீழே 112, 108. என் பெண்ணைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள், பிறகு என்னை. இருபது செகண்டு கூட ஆகவில்லை.

பதற்றத்தில் நம் வீட்டு விலாசமே நமக்கு மறந்துபோகும், சகோதரிகளே. இது எனக்கு நடந்தது. உங்களுக்கு நடக்க வேண்டாம். இந்தப் பக்கத்தைப் படித்து முடித்த கையோடு ஒரு தாளை எடுத்து எழுதி ஒட்டிவிடுங்கள். பாட்டியும், வேலைக்கு வரும் அம்மாவும்கூடப் பார்த்துப் படிக்கும்படி பெரிய எழுத்தில் எழுதுங்கள்.